'கிங்ஸ்மேன்' திரைப்படம் உளவாளிப் படங்களைக் கேலி செய்கிறதா, கொண்டாடுகிறதா?

மாத்யூ வான் இயக்கி 2015இல் திரைக்கு வந்த 'கிங்ஸ்மேன்: தி சீக்ரெட் சர்வீஸ்' படத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உளவாளிப் படத்துக்குரிய வேலைகள் அத்தனையையும் முதலில் பழுதறச் செய்து முடித்துவிட்டு, அதற்குப் பிறகே அது கேலியில் இறங்குகிறது என்பது என் கருத்து. அதன் எகத்தாளம் எடுபடுவதற்கும் அதுவே காரணம். கதையின் சில திருப்பங்களைச் சொல்லாமல் இதை விளக்க இயலாது. ஆகவே படம் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

திருநெல்வேலிப் பக்கத்தில் எங்கள் தந்தையர் தலைமுறைக்குத் துப்பறிபவர் என்றாலே ஜெய்சங்கர்தான். 1966இல் வந்த 'வல்லவன் ஒருவன்' பற்றி இன்றும் சிலாகித்துப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். சுஜாதா எழுதி 1986இல் கமல்ஹாசன் நடித்த 'விக்ரம்' கேலியையும் முயன்று பார்த்தது. ஆனால் ஏவுகணையைத் தேடும் தீவிரமான கதை ஒரு பக்கமும், சலாமியா என்னும் கற்பனை நாட்டின் அரசவையில் ஜனகராஜ் மொழிபெயர்ப்பாளராக அடிக்கும் கூத்து மற்றொரு பக்கமுமாகப் பிரிந்து நின்றதால், இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. 'கிங்ஸ்மேன்' அவ்விரண்டையும் ஒரே காட்சிக்குள் வைத்திருக்கிறது. கண்ணியமான மனிதர்களாகவே நாம் பார்த்துப் பழகிய காலின் ஃபர்த், கோட்டு கசங்காமல் மதுக்கடையில் குடையை வைத்து ரவுடிகளை அடித்து வீழ்த்தும்போது, சண்டை சிரிப்பாகவும் இருக்கிறது, நிஜமான சண்டையாகவும் இருக்கிறது.

அந்தக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கதையில் வரும் ரகசிய அமைப்பு, உயர்ரகத் தையற்கடைகளுக்குப் பெயர்பெற்ற லண்டன் சாவில் ரோ தெருவில், ஒரு தையற்கடையின் மறைவில் இயங்குகிறது. கடையின் முகப்பாகக் காட்டப்படுவது அத்தெருவில் 11ஆம் எண்ணில் உள்ள ஹன்ட்ஸ்மேன் என்னும் உண்மையான கடையே. பாளையங்கோட்டையில் கல்யாணக் கோட்டு தைக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் மதுக்கடைச் சண்டையைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். அடிதடியை அவர் பொருட்படுத்தவே இல்லை; கண் முழுவதும் தோள்பட்டையிலேயே இருந்தது. "கையத் தூக்குதாரு, கோட்டு கூடவே ஏறல, பாத்தியளா? அக்குள ஏத்தி வெட்டிருக்கான் தம்பி" என்றார். கைத்துளையை மேலே ஏற்றி வெட்டினால் கை மட்டும் தனியாக அசையும், உடுப்பு இருந்த இடத்திலேயே நிற்கும். இறக்கி வெட்டினால் கையோடு கோட்டு முழுவதும் மேலேறி வரும். குண்டு துளைக்காத உடையும் நஞ்சுப் பேனாவும் கப்சாவாக இருக்கலாம், வெட்டு கப்சா இல்லை. இந்த இடத்தில் தவறியிருந்தால் படம் வெறும் வேடிக்கைப் படமாகியிருக்கும்.

சாமுவேல் ஜாக்சன் நடித்த வேலன்டைன், நாக்குத் தடுமாறும் பேச்சும் தலையில் தொப்பியுமாக வரும் கோடீஸ்வர வில்லன். ரத்தத்தைக் கண்டால் வாந்தி எடுப்பவர். உலகுக்கே இலவச சிம் அட்டை கொடுத்து, அதன் வழியே மனிதர்களுக்கு வெறியேற்றி, ஒருவரையொருவர் கொல்லவைப்பது அவருடைய திட்டம். (இங்கே மறுவருடமே இலவச இணையத்துக்காக ஆதார் நகலோடு கடை வாசலில் வரிசையில் நின்றோம் என்பது வேறு கதை.) அந்த வெறி சோதிக்கப்படும் தேவாலயக் காட்சிதான் படத்தின் உச்சம். வெறுப்பைப் போதிக்கும் கூட்டம் ஒன்றினுள் மாட்டிக்கொள்ளும் காலின் ஃபர்த், தன் வசத்தில் இல்லாமலேயே எல்லோரையும் கொன்று தீர்க்கிறார். கிதார் இசை துள்ளலாக ஒலிப்பதால் நாமும் உற்சாகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர் நினைவு திரும்பித் திகைத்து வெளியே வந்ததும், வில்லன் நீளமாகப் பேசி, நாயகன் தப்பிக்க இடம் கொடுக்கும் பழைய வழக்கத்தை எதிர்பார்க்கிறோம். இது அந்த மாதிரிப் படம் இல்லை என்று சொல்லிவிட்டுச் சுட்டுவிடுகிறார் வேலன்டைன். பாளையங்கோட்டையின் ஊசிக்கோபுரத் தேவாலயத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஆலயத்தினுள் நடக்கும் கொலையை ரசித்துவிட்டோமே என்ற கூச்சம் தனியாக இருந்தது. அந்தக் கூச்சத்தை இயக்குநர் வேண்டுமென்றே உண்டாக்குகிறார் என்றுதான் நினைக்கிறேன்.

வர்க்கத்தைப் பற்றிப் படம் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. டாரன் எகர்டன் நடித்த எக்ஸி, அரசுக் குடியிருப்பில் வளரும் ஏழை இளைஞன். ஆர்தர் அரசனின் வட்டமேசை வீரர்களுடைய பெயர்களைச் சூடிக்கொண்ட மேட்டுக்குடி உளவாளிகளிடையே அவன் நுழைகிறான். பிறப்பை வைத்து ஆளை எடைபோடும் பெரியவராக மைக்கேல் கெய்னைக் காட்டி, அவருக்கே துரோகி வேடமும் கொடுத்திருப்பது நல்ல குசும்பு. ஆனாலும் அந்த இளைஞன் கடைசியில் அவர்களுடைய உடையையும் கண்ணாடியையும் நடையையும் அணிந்த பிறகுதான் ஜெயிக்கிறான். மேட்டுக்குடியின் அளவுகோலை முறிக்கும் துணிவு படத்துக்கு இல்லை.

இறுதியில் ஸ்வீடன் இளவரசியை வைத்து வரும் ஆபாசக் கேலி பழைய ஜேம்ஸ் பாண்ட் படங்களின் முடிவுகளைக் குத்திக்காட்டுவதற்காகச் சேர்க்கப்பட்டது என்பார்கள். எனக்கு அது குத்தலாகப் படவில்லை, அதே பழக்கத்தின் மலிவான நகலாகவே பட்டது. 2017இல் வந்த இரண்டாம் பாகம் இத்தகைய மலிவையே பெருக்கிக்கொண்டது; முதல் பாகத்தைப் பார்த்தால் போதும், அதையும் வீட்டுப் பிள்ளைகள் உறங்கிய பிறகு பார்ப்பது நல்லது.