விசுவாசம் இருந்தும் மனதுக்கு இளைப்பாறுதல் இல்லையே, ஏன்?

ஆராதனைக்குத் தவறாமல் போகிறேன், ஜெபிக்கிறேன், ஆனாலும் மனம் ஓயவில்லை, விசுவாசம் மட்டும் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு நான் மூன்று வருடம் தவித்திருக்கிறேன்.

அப்பா இறந்த பிறகு வீட்டுப் பங்கு விஷயத்தில் எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு நின்றுபோனது. ராத்திரி ஜெபித்துவிட்டுப் படுப்பேன்; கண்ணை மூடினால் அவர் சொன்ன வார்த்தைதான் காதில் கேட்கும். ‘வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே’ என்று அழைத்து இயேசு இளைப்பாறுதல் தருவதாகச் சொல்லும் வசனத்தை (மத்தேயு 11:28) எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ! அடுத்த வசனத்தை மட்டும் கவனித்ததே இல்லை. ‘என் நுகத்தை உங்கள்மேல் ஏற்றுக்கொண்டு, என்னிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள்’ என்கிறார். பாரத்தை இறக்க வந்தவனிடம் நுகத்தை நீட்டுகிறார். படுத்திருக்கிற மாட்டுக்கு யாரும் நுகம் பூட்டுவதில்லை.

இதை எனக்குப் புரியவைத்தது, பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் நாட்குறிப்பு. 1736 ஜனவரியில் அவர் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குக் கப்பலில் போகிறார். குருவானவர், கட்டுப்பாடாக வாழ்ந்தவர். ஆனாலும் புயல் வந்தபோது சாகப் பயந்தார். அதே கப்பலில் மொரேவியர் என்ற ஜெர்மானிய விசுவாசிகளும் இருந்தார்கள். 25ஆம் தேதி அவர்கள் சங்கீதம் பாடும்போதே அலை ஏறி வந்து கப்பலின் பெரிய பாயைக் கிழித்தது. ஆங்கிலேயர் அலறினார்கள், இவர்கள் பாட்டை நிறுத்தவில்லை. பயமில்லையா என்று பிறகு கேட்டதற்கு, எங்கள் பெண்களும் பிள்ளைகளும்கூடச் சாகப் பயப்படுவதில்லை என்று பதில் வந்தது.

பிரசங்கங்களில் கதை பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். வெஸ்லி அதற்கு முன்னால் எழுதியதுதான் என்னை உலுக்கியது. ஆங்கிலேயர் யாரும் தொடாத எடுபிடி வேலைகளை அந்த ஜெர்மானியர் மற்றப் பயணிகளுக்குச் செய்து வந்தார்கள், கூலியும் வாங்கவில்லை. எங்கள் பெருமை பிடித்த மனதுக்கு இது நல்லது என்றார்களாம். யாராவது தள்ளினாலும் அடித்தாலும் முறையிடாமல் எழுந்து போய்விடுவார்கள். புயலில் பாடியவர்கள் இவர்கள்தான்.

ஆனால் நல்ல காரியம் செய்தால் சமாதானம் கிடைத்துவிடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வெஸ்லியும் நிறையச் செய்தவர்தான். இரண்டு வருடம் கழித்து, 1738 மே 24 அன்று, லண்டனில் ஒரு கூட்டத்தில் ரோமர் நிருபத்துக்குச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டபோதுதான், கிறிஸ்து ஒருவரையே நம்பியிருக்கிறேன் என்ற நிச்சயம் அவருக்கு வந்தது. விசுவாசம் உயிருள்ளது, அதனால் நன்மை செய்யாமல் இருக்கவே முடியாது என்று சொல்வதும் அதே முன்னுரைதான். முதலில் கிறிஸ்துவின்மேல் சாய்கிறோம், அப்புறம் கையும் காலும் தானாக அசைகிறது.

எனக்கு அசைய வேண்டியிருந்தது அண்ணன் வீட்டுப் பக்கம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போனேன். வாசலில் நிற்கும்போது வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. அண்ணிதான் “உள்ளே வாங்க தம்பி” என்றார். மன்னிப்புக் கேட்டேன், பங்கைப் பற்றி நான் பேசவில்லை, அண்ணனும் பேசவில்லை. பத்திரம் இன்றுவரை அப்படியேதான் கிடக்கிறது. ஆனால் அன்று ராத்திரி காதில் அந்த வார்த்தை கேட்கவில்லை.

உங்களுக்கு அது வேறு வாசலாக இருக்கலாம். ஜெபத்தில் உட்காரும்போதெல்லாம் முதலில் யார் முகம் வருகிறது என்று பாருங்கள்.