உழைத்து மேலே வந்தவரை உடன் இருப்பவர்களே ஏன் மட்டம் தட்டுகிறார்கள்?

எளிய குடும்பத்தில் பிறந்து சொந்த முயற்சியால் உயர்ந்தவரைப் பாராட்ட வேண்டியவர்களே ஏன் குறைத்துப் பேசுகிறார்கள் என்பது கேள்வி. மேல்தட்டு வர்க்கத்தின் திமிர் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் அது பாதிதான். கீழே இருக்கும்வரை ஒருவருடைய பிறப்பு யாரையும் உறுத்துவதில்லை. அவர் நமக்குப் போட்டியாக வந்து நிற்கும்போதுதான் அது சட்டென்று ஞாபகம் வருகிறது.

இங்கிலாந்து வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியை எடுத்துக்கொள்ளுங்கள். மரச் சிற்ப வேலை செய்தவரின் மகன். சிறு வயதில் ஒரு மருத்துவரிடம் மருந்து கலக்கும் தொழில் பழகியவர். 1812இல் 'சர்' பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே, கொல்லரின் மகனும் புத்தகம் பைண்டிங் செய்துகொண்டிருந்தவருமான மைக்கேல் ஃபாரடேவை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். நல்ல மனசுதான். ஐரோப்பியப் பயணத்துக்கும் கூட்டிப்போனார். ஆனால் டேவியின் பணியாள் வர மறுத்துவிட்டதால் அந்த வேலைகளும் ஃபாரடே தலையில் விழுந்தன. டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஃபாரடே இதைச் சொல்லிக் குமுறியிருக்கிறார்.

அப்புறம் அதே ஃபாரடே சொந்தமாகக் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். இங்கிலாந்தின் புகழ்பெற்ற அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது எதிர்த்தவர், அப்போது தலைவராக இருந்த டேவி. பெயரைத் திரும்பப் பெறச் சொல்லி அவரிடமே கேட்டிருக்கிறார். முன்மொழிந்தது நானில்லையே என்றார் ஃபாரடே. 1824 ஜனவரியில் ஒரே ஒரு எதிர்ப்பு ஓட்டோடு தேர்வானார்.

ரயில் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீவன்சன் கதை இதைவிடக் கசப்பானது. சுரங்கத் தொழிலாளியின் மகன். 18 வயதுக்கு மேல்தான் எழுதப் படிக்கக் கற்றவர். 1815இல், சுரங்க வாயு தீப்பிடித்து வெடிக்காதபடி எரியும் பாதுகாப்பு விளக்கைச் செய்து, வாயு கசியும் இடத்துக்குத் தானே உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுபோய்ச் சோதித்தார். அதே சமயத்தில் டேவியும் வேறு வழியில் ஒரு விளக்கைச் செய்திருந்தார். படிக்காத ஒரு சுரங்கக்காரனால் இது எப்படி முடியும், என் யோசனையைத்தான் திருடியிருக்க வேண்டும் என்றார் டேவி. டேவிக்கு 2,000 பவுண்டு பரிசு. ஸ்டீவன்சனுக்கு 100 கினி, அதாவது 105 பவுண்டு. உள்ளூர்க்காரர்கள் கொதித்துப்போய், தாங்களே நிதி திரட்டி அவருக்கு 1,000 பவுண்டு கொடுத்தார்கள். ஸ்டீவன்சனுக்கும் சமமான உரிமை உண்டு என்று நாடாளுமன்றக் குழு சொன்னது 1833இல். டேவி இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

தானே ஏறிவந்த ஏணியில் இன்னொருவர் ஏறுவதை ஏன் தாங்க முடியவில்லை? இதற்கு நான் என்னையே சாட்சியாகச் சொல்ல வேண்டும். என் அப்பா கூலி வேலை பார்த்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். என் அலுவலகத்தில் கடைநிலை உதவியாளராகச் சேர்ந்த ஒருவர், இரவில் படித்துத் தேர்வுகள் எழுதி எங்கள் பிரிவுக்கே வந்தார். அவர் கோப்பு தூக்கிய காலத்தில் "தங்கமான பையன்" என்று எல்லோரிடமும் சொன்னவன் நான். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயருக்கு மேலே அவர் பெயர் வந்த அன்று, "அவருக்கு நாலு பேர் முன்னால் பேசத் தெரியாதே" என்று முதலில் சொன்னவனும் நான்தான். அவர் வேலையில் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை.