நைட்ரஜன் நிறமாலையில் சுழற்சிக் கோடுகள் ஏன் தெரிவதில்லை?

கேள்வி: முதுநிலை வேதியியல் திட்டப்பணிக்காக ஹீலியம் விளக்கு வைத்து நைட்ரஜனின் ஒளிஎலக்ட்ரான் நிறமாலையை (ஒளி பட்டு வெளியேறும் எலக்ட்ரான்களின் ஆற்றல் பரவலை) எடுத்தேன். அதிர்வு பீக்குகள் தெளிவாக வருகின்றன. சுழற்சிக் கோடு ஒன்றுகூடத் தெரியவில்லை. கருவியில் கோளாறா?

பதில்: இல்லை. கருவியைக் கழற்றிப் பார்க்கும் முன் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நைட்ரஜனின் சுழற்சி மாறிலி, அதாவது சுழற்சி ஆற்றல் படிகளின் அளவைச் சொல்லும் எண், ஒரு சென்டிமீட்டருக்கு 1.99 அலைகள். அதாவது, கால் மில்லி எலக்ட்ரான்வோல்ட். அயனியான பிறகும் அது 1.92 தான். அந்த அயனியாக்கத்தில் பிணைப்பு நீளம் அவ்வளவாக மாறுவதில்லை, காரணம் இதுதான். சுழற்சி எண் மாறாத கோடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து குவிகின்றன. அறை வெப்பநிலையில் அதிக மூலக்கூறுகள் இருப்பது சுழற்சி எண் 6 கொண்ட நிலையில். அதன் கோடு 0-இன் கோட்டிலிருந்து விலகுவது அரை மில்லி எலக்ட்ரான்வோல்ட் கூட இல்லை.

சரி, எலக்ட்ரான் ஆற்றலைப் பிரித்து அளக்கும் பகுப்பானை இன்னும் நல்லதாக வாங்கினால்? அப்போதும் டாப்ளர் விளைவு விடாது. மூலக்கூறு ஓடிக்கொண்டே எலக்ட்ரானை வீசுவதால், அந்த ஓட்டம் எலக்ட்ரானின் வேகத்தோடு சேர்ந்துகொள்கிறது. 300 கெல்வினில் இந்த அகலம், எலக்ட்ரான் ஆற்றலை மூலக்கூறு நிறையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 12.5-ஆல் பெருக்கினால் மில்லி எலக்ட்ரான்வோல்ட்டில் கிடைக்கும். உங்கள் நைட்ரஜனுக்கு, ஹீலியம் ஒளியின் 21.22 எலக்ட்ரான்வோல்ட்டில் அயனியாக்க ஆற்றல் 15.58 போக எலக்ட்ரானுக்கு 5.64, நிறை 28. விடை 5.6. கால் மில்லி எலக்ட்ரான்வோல்ட் நுணுக்கத்தை 5.6 அகலத்துக்குள் தேடுகிறீர்கள்.

சுழற்சியைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஹைட்ரஜனுக்குப் போங்கள். அதன் மாறிலி 59.3, அயனியில் பாதியாகி 29.1. அதனால் கோடுகள் விரிகின்றன: 0-இன் கோட்டைவிட 1-இன் கோடு 7.5, 2-இன் கோடு 22.5, 3-இன் கோடு 45 மில்லி எலக்ட்ரான்வோல்ட் குறைந்த அயனியாக்க ஆற்றலில் விழும். உயரமாக வருவது 1-இன் கோடு. அறை வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு மூலக்கூறுகள் அந்த நிலையில்தான் இருக்கின்றன. ஆர்த்தோ (இரு அணுக்கருச் சுழல்களும் ஒரே திசை) ஆர்த்தோவாகவும் பாரா (எதிரெதிர் திசை) பாராவாகவும் இருப்பதால் சுழற்சி எண் 0 அல்லது 2 மட்டுமே மாறும். அதிலும் எலக்ட்ரானே ஃபோட்டானின் கோண உந்தத்தைச் சுமந்து போய்விடுவதால் 2 மாறும் கோடுகள் மிக மெலிதாக இருக்கும்.

ஹீலியம் விளக்கோடு ஹைட்ரஜனின் டாப்ளர் அகலம் 21 மில்லி எலக்ட்ரான்வோல்ட். அதனால் நியான் விளக்குக்கு மாறுங்கள். எலக்ட்ரான் ஆற்றல் 1.42 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு இறங்கும், அகலம் 10.5 ஆகும். 1970-இல் ஆஸ்பிரிங்க் என்ற ஆய்வாளர் ஹைட்ரஜனின் சுழற்சி அமைப்பைப் பிரித்துக் காட்டியதும் நியானை வைத்துத்தான். முதல் அதிர்வு பீக்கைவிட மேலே உள்ளவற்றைப் பாருங்கள்; அங்கே எலக்ட்ரான் இன்னும் மெதுவாகும், கோடுகள் இன்னும் விலகும்.

நைட்ரஜன் போன்ற கனமான மூலக்கூறுகளுக்கு வேறு வழி வேண்டும். ஏறக்குறைய சுழிய ஆற்றலில் வரும் எலக்ட்ரான்களை மட்டும் பிடிக்கும் ‘சீக்கே’ முறையை 1984-இல் நைட்ரிக் ஆக்சைடில் தொடங்கினார்கள். அதற்கு லேசர் தேவை.

அப்புறம், நியானை வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதிலிருந்து 16.85, 16.67 எலக்ட்ரான்வோல்ட் என்று இரண்டு ஒளிக்கோடுகள் வருகின்றன, இடைவெளி 177 மில்லி எலக்ட்ரான்வோல்ட். பிரிதிறனைச் சோதிக்க நாம் விடும் ஆர்கானின் இரட்டைப் பீக்குக்கும் இடைவெளி 177 தான்! நான்குக்குப் பதில் மூன்று பீக்குகள் வரும். நடுவில் இருப்பது இரண்டின் கலவை. அகலத்தை அதிலிருந்து எடுக்காதீர்கள், எலக்ட்ரான் ஆற்றல் மிகுந்த ஓரப் பீக்கிலிருந்து எடுங்கள்.