தகடூர் வேலும் ஔவையின் இரண்டு குரல்களும்

அன்புள்ள ஐயா,

பாலக்கோட்டில் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். புறநானூற்று 95ஆம் பாட்டைப் படித்துக் காட்டியபோது, "இது பாராட்டா, திட்டா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். புகழ்வதுபோல் இகழும் வஞ்சப்புகழ்ச்சி என்று அணியின் பெயரைச் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை, எனக்கும்தான். தொனி, மனநிலை என்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

வாசகி, பாலக்கோடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டும் வேறு. பேசுகிறவர், தான் பேசும் பொருளிடமும் எதிரில் இருப்பவரிடமும் என்ன மனதோடு நிற்கிறார் என்பது தொனி. படிக்கிற நமக்குள் வந்து தங்குவது மனநிலை. பிள்ளைகளுக்கு இது புதிதே இல்லை. நம் பக்கத்துப் பாரதக் கூத்தில் சோகமான கட்டத்திலும் கட்டியக்காரன் கேலி பேசுவான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருப்பார்கள்.

சரி, 95க்கு வருவோம். தகடூர் அரசன் அதியமானின் தூதாகப் போன புலவர் ஔவைக்குத், காஞ்சி அரசன் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். இந்தச் சூழல் பாட்டில் இல்லை, பாட்டின் அடிக்குறிப்பில்தான் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுங்கள். யாரிடம், எங்கே நின்று பேசுகிறார் என்று தெரியாமல் தொனி பிடிபடாது. தொண்டைமானின் இந்த ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள அரண்மனையில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. அவ்வளவுதான் சொல்கிறார். ஒரு கடுஞ்சொல் கிடையாது, மரியாதை இம்மியும் குறையவில்லை. நமக்குச் சிரிப்பு வருகிறது. தொண்டைமானுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும்.

அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். "உண்டாயிற் பதங்கொடுத்து, இல்லாயின் உடனுண்ணும்" என்கிறார். இருந்தால் கொடுப்பான், இல்லாவிட்டால் கூட உட்கார்ந்து இருப்பதைப் பகிர்ந்து உண்பான். வேலைப் பற்றிய பேச்சில் சோற்றுக்கு என்ன வேலை? இங்கே கேலி போய் அன்பு வந்துவிடுகிறது. அந்தப் பெண்ணிடம் தயங்காமல் சொல்லுங்கள்: தொண்டைமானுக்கு அது குத்தல், அதியமானுக்கு அது பாராட்டு.

அடுத்து 235ஐயும் சேர்த்து நடத்துங்கள். அதே ஔவை, அதே அதியமான், ஆனால் இப்போது அவன் இல்லை. "சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே" என்று தொடங்குகிறார். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பான். எலும்பும் கறியும் கிடைக்கும் இடமெல்லாம் எங்களுக்கு, அம்பும் வேலும் நுழையும் இடமெல்லாம் அவனுக்கு. நரந்தம் என்ற நறுமணப்பொருள் மணக்கும் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவுவான். துக்க வீட்டில் ஒரு கிழவி, போனவரைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவாளே, அந்தக் குரல்தான் இது. அழுகிறேன் என்று ஓரிடத்திலும் அவர் சொல்லவில்லை. அதனால்தான் நம்மால் தாங்க முடிவதில்லை. அதன் பிறகே அவன் மார்பில் பாய்ந்த வேல் வருகிறது. அது பாணரின் மண்டையை, அதாவது உண்கலத்தைத் துளைத்து, இரப்போர் கையைத் துளைத்து, புலவர் நாவில் போய் விழுகிறது.

தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், அழுகையும் உண்டு, பெருமிதமும் உண்டு. இந்தப் பாட்டில் இரண்டையும் பிரித்தெடுக்க முடியாது. ஒன்றை மட்டும் எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். எந்த வரியில் அப்படித் தோன்றியது என்று மட்டும் கேளுங்கள்.