முஸ்தபா குதித்தால் பக்கம் மாறுகிறதே, வைரஸா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட நாளில் ஒரு ரூபாய் காசு போட்டு ஆடிய ‘முஸ்தபா’ கேமை மகனுக்குக் காட்டலாம் என்று கடைக் கம்ப்யூட்டரில், பிரவுசரிலேயே திறந்தேன். நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் இடது பக்கம் குதித்தால் கேம் மறைந்து, அதற்கு முன் பார்த்த பக்கம் வந்துவிடுகிறது. சில நேரம் காசு போடும் கீயைத் தட்டினால் வேறு டேப் வந்து நிற்கிறது. புதுச்சேரியில் நான் வழக்கமாகப் பார்க்கும் சர்வீஸ்காரர், “வைரஸ் ஏறிடுச்சு, பார்மேட் அடிக்கணும், 1,500 ஆகும்” என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இது வைரஸ் இல்லை.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். ஏதாவது ஒரு செய்தித் தளத்தைத் திறந்து இரண்டு மூன்று செய்திகளுக்குள் போய் வாருங்கள். பிறகு ஆல்ட் கீயைப் பிடித்தபடி இடது அம்புக்குறியைத் தட்டுங்கள். பக்கம் பின்னால் போகும். விண்டோஸில் குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் எதுவானாலும் அப்படித்தான். இனி கேமுக்கு வருவோம். காசு போட்டு ஆடிய பழைய ஆர்கேடு கேம்களை இப்படிப் பிரவுசரிலும் ஓட்டுகிற ‘மேம்’ மென்பொருளில், நாமாக மாற்றாத வரை, அடிக்க கண்ட்ரோல், குதிக்க ஆல்ட். முஸ்தபா இடது பக்கம் குதிக்க நீங்கள் அழுத்துவது ஆல்ட்டும் இடது அம்பும். ‘பின்னால் போ’ என்று சொன்னதாகப் பிரவுசர் எடுத்துக்கொள்கிறது.

காசு விஷயமும் இதேதான். காசு போட 5, ஆட்டம் தொடங்க 1. ஆள் செத்து, திரையில் 9, 8, 7 என்று எண்ணிக்கை இறங்கும்போது யாருக்கும் கை பதறும். கண்ட்ரோலில் இருக்கிற விரலை எடுக்காமலே 5-ஐத் தட்டுவோம். குரோமில் கண்ட்ரோலும் 5-ம் சேர்ந்தால் ஐந்தாவது டேபுக்குப் போ என்று அர்த்தம். மேம் 1997-ல் முதலில் வந்தது டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கு. அங்கே இந்தக் கீகளுக்குப் போட்டியாக டேபும் இல்லை, ஒன்றும் இல்லை.

சரி, மாற்றுவது எப்படி? கேம் படத்தின் மேல் ஒரு க்ளிக் செய்துவிட்டு, கீபோர்டில் டேப் கீயை அழுத்துங்கள். ஒரு மெனு வரும். அதில் இன்புட் என்று தொடங்கும் வரிக்குள் போய், முதல் ஆட்டக்காரரின் பட்டன் 1, பட்டன் 2 இரண்டையும் தேடுங்கள். 1 அடிப்பது, 2 குதிப்பது. ஒவ்வொன்றிலும் என்டர் தட்டி, முறையே இசட், எக்ஸ் கீகளைக் கொடுங்கள். பக்கத்தை மூடித் திறந்தால் மறுபடி பழையபடி ஆகலாம், அப்போது இன்னொரு முறை செய்யுங்கள். சில தளங்களில் டேப் கீக்குப் பதில் கேமுக்குக் கீழே கேம்பேட் படம் போட்ட பட்டன் இருக்கும்.

உங்கள் தொழிலுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. டி.டி.பி. கம்ப்யூட்டர் என்றால் தமிழ் தட்டச்சு மென்பொருள் ஒன்று பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அவற்றில் சில, ஆல்ட்டும் ஓர் எண்ணும் சேர்ந்தால் மொழியை மாற்றும். குதிக்கும்போதே 1-ஐத் தட்டிவிட்டால் கீபோர்டு தமிழுக்குப் போய்விடும். அப்புறம் இசட், எக்ஸ் கொடுத்தாலும் கேமுக்கு அது போய்ச் சேராமல் இருக்கலாம். ‘அய்யா சொன்னபடி செய்தேன், வேலை செய்யவில்லை’ என்று எனக்கு எழுதுவதற்கு முன், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மென்பொருளின் குறியில் வலது க்ளிக் செய்து வெளியேறிவிட்டு ஆடுங்கள். ஆட்டம் முடிந்ததும் திரும்பப் போட மறக்காதீர்கள். இல்லையென்றால் மறுநாள் காலை கல்யாணப் பத்திரிகை அடிக்க உட்கார்ந்து, பாமினி எழுத்து ஏன் வரவில்லை என்று அந்தச் சர்வீஸ்காரரிடமே போய் நிற்பீர்கள்.

பார்மேட் என்பது இந்தத் தொழிலில் சர்வரோக நிவாரணி. என் மைத்துனரின் லேப்டாப்பிலும் பக்கம் தானாகப் பின்னால் போனது. ஒரு கடையில் வைரஸ் என்று சொல்லி பார்மேட் அடித்தார்கள், பெண்ணின் காதுகுத்துப் படங்கள் எல்லாம் போயின. வீட்டுக்கு வந்தால் அதே தொல்லை. கடைசியில் பார்த்தால், டீ கொட்டி ஆல்ட் கீ ஒட்டிக்கொண்டிருக்கிறது! டீக்கடை வைக்கவே உணவுப் பாதுகாப்புப் பதிவு கேட்கும் நாட்டில், கம்ப்யூட்டர் சர்வீஸ் என்று போர்டு மாட்ட யாரும் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. என்ன வைரஸ் என்று பில்லில் பெயர் எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே இறங்கி வருவார்கள்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பிரவுசரில் ஓடும் கேமுக்கு எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. பழைய மெஷினின் சிப் செய்த வேலையைப் பிரவுசரே செய்துகாட்டுகிறது. ஆகவே ‘பிளேயரை டவுன்லோடு செய்க’, ‘பிளாஷ் அப்டேட் செய்க’ என்று வந்தால் உடனே மூடிவிடுங்கள். முன்பு பிரவுசரில் கேம் ஓட்ட உதவிய பிளாஷை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஓடு முடித்துவிட்டது. செத்தவருக்கு யார் அப்டேட் தருவார்கள்? அறிவிப்பு அனுப்ப அனுமதியா என்று கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். ஒருமுறை அனுமதித்தால், மூலையில் சிவப்பாக ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்’ என்று விளம்பரம் வந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்தால் சர்வீஸ்காரருக்கு இன்னும் கொண்டாட்டம்.

காசு கொடுத்து முறையாக வாங்கலாமே என்பீர்கள். நானும் தேடினேன். இதன் சொந்தப் பெயர் ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’, கேப்காம் 1993-ல் வெளியிட்டது. 2018-ல் அதே கேப்காம் பழைய அடிதடி கேம்கள் ஏழைச் சேர்த்து விற்றது, அதில் இது இல்லை. இது ஒரு படக்கதையிலிருந்து வந்த கேம், தலைப்பில் வேறு கார் கம்பெனியின் பெயர் இருக்கிறது. எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டுமோ! விற்கவும் மாட்டார்கள், இணையத்தில் கிடைப்பதை எடுத்து ஆடினால் காப்புரிமை மீறல் என்பார்கள். நம் சட்டத்தில் மென்பொருளும் இலக்கியப் படைப்புக் கணக்கில்தான் வருகிறது. எழுதியவர் இறந்து 60 ஆண்டு ஆக வேண்டும். அதுவரை காத்திருந்தால் உங்கள் மகனுக்கே கண்புரை வந்துவிடும்.

மகனும் சேர்ந்து ஆடுவதானால் அவனுக்குக் காசு 6, தொடக்கம் 2. திசைக்கு ஆர், எப், டி, ஜி. அடிக்க ஏ, குதிக்க எஸ். விலை குறைந்த கீபோர்டில் இருவரும் ஒரே நேரத்தில் நாலைந்து கீயை அழுத்தினால் ஒன்றிரண்டு பதிவாகாது. அவனுக்கு ஒரு யு.எஸ்.பி. கேம்பேட் வாங்கிக் கொடுங்கள், 1,500-ல் அதற்குப் போக மிச்சமும் இருக்கும். மஞ்சள் தொப்பிக்காரன் முஸ்தபாவை அவன் கேட்டால் விட்டுக்கொடுத்துவிட்டு, நீங்கள் கேமின் இன்னொரு வீரன் ஜாக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.