எடை குறைக்கத் தராசு வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எடை குறைக்க, சாப்பாட்டை நிறுத்துச் சாப்பிடச் சொல்கிறார்கள். சமையலறைத் தராசு சில நூறு ரூபாய்க்கும் இருக்கிறது, ஆயிரங்களிலும் இருக்கிறது. எதை வாங்குவது?

விலை குறைந்ததே போதும், சில விஷயங்களைப் பார்த்து வாங்கினால். 1 கிராம் வீதம் காட்ட வேண்டும், 5 கிலோ வரை தாங்க வேண்டும், பாத்திரத்தின் எடையைக் கழித்துச் சுழியம் காட்டும் 'டேர்' பட்டன் இருக்க வேண்டும். செல்போனோடு இணைவதற்கும் கலோரியைத் திரையில் காட்டுவதற்கும் கூடுதல் காசு தர வேண்டாம். அந்தக் கணக்கில் நம் கூட்டும் பொரியலும் இருப்பது அபூர்வம்.

இரண்டு குறைகள் வாங்கிய பிறகுதான் தெரியவரும். ஒன்று, அகலப் பாத்திரம் வைத்தால் திரை மறைந்துவிடும். அதனால் திரை முன்பக்கம் தள்ளி இருக்கும் மாடலாகப் பாருங்கள். இன்னொன்று, சில தராசுகள் ஓரிரு நிமிடத்தில் தானாக அணைந்து, டேர் செய்ததையும் மறந்துவிடும். பாதி காய் நறுக்கும்போது அணைந்தால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பென்சில் பேட்டரி போடுகிற மாடல், பட்டன் செல் மாடலைவிடச் சௌகரியம்.

கேள்வி: வாங்கிய தராசு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எடை காட்டுகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

முதலில் சோதித்துப் பாருங்கள். பத்து ரூபாய் நாணயம் ஒன்று ஏறத்தாழ 7.7 கிராம். பத்து நாணயங்களை மொத்தமாக வைத்தால் 77 கிராம் காட்ட வேண்டும். ஒரு கிராம் கூடக்குறைய இருந்தால் கவலை இல்லை. பிறகு ஒரு கனமான பாத்திரத்தை வைத்து டேர் செய்து, அதற்குள் அதே நாணயங்களைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் 77 வந்தால் தராசு சரி. ஐந்தாறு கிராம் தள்ளிப்போனால் தயங்காமல் மாற்றிக் கேளுங்கள்.

தராசு சரியாக இருந்தும் எடை தப்புவதற்குப் பெரும்பாலும் நாம் வைக்கும் இடம்தான் காரணம்: மேலே ஓடும் மின்விசிறி, தராசுக்கு அடியில் விரித்த துணி, சுவரில் உரசும் பாத்திரம், தீரப்போகும் பேட்டரி. அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை நேராக வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் எடை உணரி சூட்டில் தப்புக் காட்டும், நாளடைவில் கெட்டும் போகும். நடுவில் பிரிமணையோ மரப்பலகையோ வைத்து டேர் செய்துகொள்ளுங்கள்.

'மி.லி.' பட்டனை எண்ணெய்க்கு நம்பாதீர்கள். அது தண்ணீர்க் கணக்கு. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான்.

கேள்வி: அரிசியாக நிறுக்க வேண்டுமா, சாதமாகவா? 100 கிராமுக்கு 350 கலோரி என்று ஓரிடத்திலும் 130 என்று இன்னோர் இடத்திலும் போட்டிருக்கிறது.

இரண்டும் சரி. முதலாவது அரிசிக்கு, இரண்டாவது சாதத்துக்கு. எடை குறையாதவர்கள் கணக்கில் இந்தக் குழப்பத்தைத்தான் அதிகம் பார்க்கிறோம். 100 கிராம் அரிசியைப் பொங்கிச் சாப்பிட்டுவிட்டு '100 கிராம் சாதம்' என்று எழுதினால், 220 கலோரி கணக்கிலிருந்து காணாமல் போகிறது.

சாதம் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பது அரிசிக்கு அரிசி மாறும். பழைய அரிசி அதிகம் குடிக்கும், குழைய வேகவைத்தால் இன்னும் கூடும். அதனால் பொது அட்டவணையை விட்டுவிட்டு, உங்கள் வீட்டு அரிசிக்கு ஒருமுறை கணக்கெடுங்கள். உதாரணமாக, 300 கிராம் அரிசி போட்டீர்கள், வெந்த சாதம் 840 கிராம் வந்தது. மொத்தம் 1,050 கலோரி என்றால் 100 கிராம் சாதத்தில் 125. உங்கள் தட்டில் 200 கிராம் விழுந்தால் 250 கலோரி. அதே அரிசி, அதே தண்ணீர் என்றால் இந்தக் கணக்கு மாறாது. அரிசி மாற்றும்போது மட்டும் மறுபடி நிறுத்தால் போதும்.

தோசை மாவுக்கும் இதே வழிதான். அரிசியும் உளுந்தும் சேர்ந்து 500 கிராம் போட்டு, ஆட்டிய மாவு 1,250 கிராம் வந்தால், 100 கிராம் மாவில் 40 கிராம் தானியம், சுமார் 140 கலோரி. சுற்றிவிடும் எண்ணெய் தனி.

கேள்வி: ஐந்து பேருக்கு ஒரே சட்டியில் குழம்பு. என் பங்கை மட்டும் எப்படி அளப்பது?

எல்லாவற்றையும் அளக்க வேண்டாம். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் கொஞ்சம் கூடினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. புளி, மிளகாய்த்தூளை விட்டுவிடுங்கள். எண்ணெய், தேங்காய், பருப்பு, இந்த மூன்றைப் பிடியுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அதாவது 15 மி.லி., ஏறத்தாழ 120 கலோரி. தேங்காய்த் துருவல் 50 கிராமில் 200 கலோரிக்கு அருகில் வரும்.

எண்ணெயை அளக்க எளிய வழி: பாட்டிலைத் தராசில் வைத்து டேர் செய்யுங்கள். எடுத்து ஊற்றிவிட்டு மறுபடி வையுங்கள். திரையில் -41 என்று வந்தால் 41 கிராம் ஊற்றியிருக்கிறீர்கள். அது 370 கலோரி. கரண்டியில் ஒட்டியதும் பாட்டில் வாயில் வழிந்ததும் கணக்கைக் கெடுக்காது. தாளிக்கும்போது கண்ணளவில் ஊற்றுவதை ஒரு வாரம் இப்படி நிறுத்துப் பார்த்தாலே எங்கே கை தாராளம் என்பது தெரிந்துவிடும்.

பங்கு பிரிக்க, வெறும் சட்டியின் எடையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குழம்போடு நிறுத்து அதைக் கழித்தால் குழம்பின் எடை. 1,500 கிராம் குழம்பு மொத்தம் 900 கலோரி என்றால், நீங்கள் ஊற்றிக்கொள்ளும் 200 கிராமில் 120. சாம்பாராக இருந்தால் எடுக்குமுன் அடிவரை கலக்குங்கள். பருப்பு அடியில் தங்கிவிடும். மேலோடு எடுப்பவருக்கு ஒரு கணக்கு, கடைசியில் வழிப்பவருக்கு வேறு கணக்கு ஆகிவிடும்.

கேள்வி: அளவுக் கோப்பை, தடுப்பு வைத்த தட்டு வாங்கினால் போதாதா?

திரவத்துக்குக் கோப்பை சரி. மாவுக்கும் அவலுக்கும் சரிவராது, அழுத்தி நிரப்பினால் ஒரு எடை, உதிரியாக நிரப்பினால் வேறு எடை. கோப்பைகளின் அளவும் ஒன்றல்ல. ரைஸ் குக்கரோடு வரும் கோப்பை 180 மி.லி., அதில் சுமார் 150 கிராம் அரிசி பிடிக்கும். தனியாக விற்கும் கோப்பை 240 அல்லது 250 மி.லி. தடுப்புத் தட்டுக்குச் செலவு வேண்டாம். உங்கள் சாதக் கரண்டியில் எத்தனை கிராம் வருகிறது என்று ஒருமுறை நிறுத்துவிட்டு, அந்தக் கரண்டியை மாற்றாமல் இருங்கள்.

கேள்வி: மிக்சர் பாக்கெட்டில் '160 கலோரி' என்றுதானே இருக்கிறது?

அது ஒரு பரிமாறலுக்கு. பக்கத்தில் பரிமாறல் அளவு 30 கிராம் என்றும், பாக்கெட்டின் நிகர எடை 150 கிராம் என்றும் இருந்தால், முழுப் பாக்கெட் 800 கலோரி. எப்போதும் '100 கிராமுக்கு' என்ற பத்தியைப் பார்த்து ஒப்பிடுங்கள். அன்றாடத் தேவையில் இத்தனை சதவீதம் என்று போடுவது 2,000 கலோரிக் கணக்கு, எடை குறைக்க 1,500-க்குள் சாப்பிடுபவருக்கு அது பொருந்தாது.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, இன்சுலின் போடுகிறார். அவருக்கும் இப்படி அளந்து போடலாமா?

அளக்கலாம், ஆனால் மருத்துவரிடம் சொல்லாமல் சாதத்தைக் குறைக்காதீர்கள். இன்சுலின் அளவு அப்படியே இருந்து மாவுச்சத்து மட்டும் குறைந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். இப்போது அவர் சாப்பிடுவதை மாற்றாமல் ஒரு வாரம் நிறுத்துக் குறித்து, அந்தத் தாளோடு மருத்துவரைப் பாருங்கள். எவ்வளவு குறைக்கலாம், மருந்தை எப்படி மாற்றுவது என்று அதை வைத்து அவர் சொல்வார்.