மூச்சுப் பேச்சு: 78 வாங்கியவள் எப்படித் தோற்றாள்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பரீட்சை பற்றித்தான். புரட்டாசி விரதமும் முடிந்து, ஆண்டுத் தேர்வும் நெருங்கிவிட்டால் டர்பன் வீடுகளில் பிள்ளைகளைவிட அம்மாக்களுக்குத்தான் தூக்கம் போகிறது போலிருக்கிறது.

அக்கா, என் மகள் கிளினிக்கல் டெக்னாலஜி மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். எழுத்துத் தேர்வில் 78 வாங்கினாள். செயல்முறைத் தேர்வில் வென்டிலேட்டரில் ஒரே ஒரு எண்ணைத் தப்பாக வைத்தாள் என்று ஃபெயில் போட்டுவிட்டார்கள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இது நியாயமா?
— ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

முதலில் பிள்ளையைச் சாப்பிட வையுங்கள் அம்மா. நியாயத்தை அப்புறம் பேசலாம்.

கடிதத்தோடு மகள் கைப்பட எழுதிய குறிப்பையும் வைத்திருந்தீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள், அதைப் படித்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. பொம்மை நோயாளி ஒரு பெண், உயரம் 160 செ.மீ., எடை 95 கிலோ. நுரையீரல் வீங்கிக் கெட்டிப்பட்ட நிலை. ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று கொடுப்பாய் என்பது கேள்வி. உங்கள் மகள் 95-ஐ ஆறால் பெருக்கி 570 மில்லி வைத்திருக்கிறாள்.

நுரையீரல் உயரத்தைப் பார்க்குமே தவிர எடையைப் பார்க்காது. பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தருவது) தின்று உடம்பு பெருத்தாலும் உள்ளே இருக்கும் நுரையீரல் அதே அளவுதான். உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணக்கிட, பெண்ணுக்கு 45.5-உடன், 152.4 செ.மீ.க்கு மேலே உள்ள உயரத்தை 0.91-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 160 செ.மீ.க்குச் சுமார் 52 கிலோ வரும். கிலோவுக்கு 6 மில்லி என்றால் 315 பக்கம். அவள் வைத்தது கிட்டத்தட்ட இரட்டிப்பு. கெட்டுப்போன நுரையீரலைக் குறைந்த காற்றில் ஓட்டினால் அதிகம் பேர் பிழைக்கிறார்கள் என்று 2000-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியதிலிருந்து, ஐ.சி.யூ.வில் இந்தக் கணக்கில் யாரும் விளையாடுவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே சூத்திரம் எழுத்துத் தேர்விலும் வந்ததாம், அவள் சரியாக எழுதினாளாம். எனக்கு இது புதிதே இல்லை. ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் 1990-இல் ஒரு கோபுரம் வரைந்து காட்டினார். அடித்தட்டில் ‘தெரியும்’, அதற்கு மேல் ‘எப்படிச் செய்வது என்று தெரியும்’, அதற்கு மேல் ‘செய்து காட்டுகிறான்’, உச்சியில் ‘அன்றாடம் செய்கிறான்’. அந்த 78 கீழ்த்தட்டுகளின் மார்க். மூன்றாம் தட்டைப் பார்ப்பதற்குத்தான் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் இந்தச் சுற்றுத் தேர்வைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு மேசைக்கும் சில நிமிடம், மணி அடித்தால் அடுத்த மேசை. பிள்ளைகள் ‘ஆஸ்கி’ என்பார்கள். அவார்டு இல்லாத ஆஸ்கார்!

ஆகவே மேசையில் தோற்றது நியாயம்தான். ஆனால் வருடத்தையே தோற்க வைத்தது நியாயமா என்பது வேறு கேள்வி. அதற்கு நீங்கள் கல்லூரியில் மூன்று விஷயம் கேளுங்கள். இந்தத் தப்பு நடந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் ஃபெயில் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்தார்களா? அந்த மேசைக்கு வைத்திருந்த சரிபார்ப்புத் தாளை அவளுக்குக் காட்டினார்களா? மறுவாய்ப்பு எப்போது? முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் தைரியமாக மேல்முறையீடு செய்யுங்கள். எல்லைக் கோட்டை மறைத்து வைத்துவிட்டு, கோட்டைத் தாண்டினாய் என்று சொல்லக் கூடாது.

இவ்வளவு கறாராகப் பேசுகிறேனே, ஆசிரியையாக இருந்தபோது நானும் ஒருநாள் தப்புச் செய்தவள்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். ஒரு பையன் லாக் புக்கை (மாணவர் செய்ததைப் பார்த்தோம் என்று ஆசிரியர் கையெழுத்துப் போடும் பதிவேடு) நீட்டி, “மேடம், ஆறு கையெழுத்துதான் பாக்கி” என்றான். கெட்டிக்காரப் பையன். ஆறையும் நின்றபடியே போட்டேன். அதில் ஒன்று, தொண்டைக் குழாயைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் பலூனின் அழுத்தம் பார்ப்பது. அவன் அதைச் செய்து நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

மூன்று மாதம் கழித்து வார்டில் அலாரம் அடிக்கிறது. மெஷின் 420 மில்லி அனுப்புகிறது, திரும்பி வருவது 290. நம் பையன் மெஷினில் எண்ணை ஏற்றிக்கொண்டே போகிறான், 450, 480. நோயாளியின் வாயிலிருந்து கூஜாவில் தண்ணீர் கொதிப்பதுபோலக் களகளவென்று சத்தம். பக்கத்துப் படுக்கையில் இருந்த சிஸ்டர் ஒருவர் வந்து, குனிந்து காதை வைத்துக் கேட்டார். பலூனில் காற்று ஏற்றி, அழுத்தமானியில் 25 காட்டியதும் நிறுத்தினார். (20-க்கும் 30-க்கும் நடுவில் இருக்க வேண்டும்.) சத்தம் நின்றது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. பையனைத் திட்டலாம் என்று அவன் லாக் புக்கைத் திறந்தேன். அந்த வரிசையில் இருந்தது என் கையெழுத்து.

நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு கல்லூரியில் இளநிலை ஆசிரியை. ‘கற்றல் விளைவுகள் நிறைவேறின’ என்று ஆண்டறிக்கை எழுத வேண்டும். வகுப்புச் சராசரி 74 சதவீதம். இதைப் போட்டால் போதாதா?
— ஒரு வாசகி

அறிக்கையை வாங்குபவருக்குப் போதும். உனக்குப் போதாதம்மா.

இருபது பிள்ளைகள் என்று வைத்துக்கொள். இரத்த வாயுப் பரிசோதனை பற்றி ஐந்து கேள்வி கொடுத்தாய். நான்கு சுலபம், எல்லாரும் போட்டார்கள். ஐந்தாவது கேள்வி: பி.எச். (இரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 7.36, கரியமில வாயு 60, பைகார்பனேட் 33. பல வருடம் புகைபிடித்து நுரையீரல் தேய்ந்துபோன ஒரு தாத்தாவின் ரிப்போர்ட். பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் இருப்பதைப் பார்த்து ‘எல்லாம் சரி’ என்று பதின்மூன்று பேர் எழுதுகிறார்கள். கரியமில வாயு ஏறிக் கிடக்கிறது, சிறுநீரகம்தான் மாதக்கணக்கில் போராடி அந்த பி.எச். எண்ணைச் சரிக்கட்டி வைத்திருக்கிறது என்று ஏழு பேருக்குத்தான் தெரிகிறது. சராசரி போட்டால் 87 வரும். நீ சந்தோஷமாக அறிக்கை எழுதுவாய். அந்தப் பதின்மூன்று பேரும் வேலைக்குப் போவார்கள்.

கேள்வி வாரியாகப் பிரித்துப் பார். எது தேறவில்லையோ அதை அடுத்த வருடம் வேறு மாதிரி நடத்து. நடத்திவிட்டு அதே இடத்தில் மறுபடியும் அளந்து பார். இந்த மூன்றாவது வேலையைத்தான் யாரும் செய்வதில்லை. அலமாரியில் ஃபைல் மட்டும் கொழுத்துக்கொண்டே போகும்.

இன்னொன்று, விளைவை எழுதும்போதே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுது. ‘ஆக்சிஜன் சிகிச்சையைப் புரிந்துகொள்வார்’ என்பதை எந்தத் தராசில் நிறுப்பாய்? ‘5 லிட்டர் கொள்ளளவு சிலிண்டர், 100 பார் அழுத்தம், நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓட்டம். எவ்வளவு நேரம் வரும் என்று ஆம்புலன்ஸ் கிளம்பும் முன் சொல்வார்’ என்று எழுதிப் பார். 500 லிட்டர், 50 நிமிடம். “50 வரும், ஆனால் 40 நிமிடப் பயணத்துக்கு மேல் இதை நம்பிப் போக மாட்டேன்” என்கிற பிள்ளைக்கு நான் கூடுதலாக ஒரு மார்க் போடுவேன்.

ஆசிரியர்களையும் அளக்க வேண்டியிருக்கிறது. ஒரு மாணவி நோயாளியின் சளியைக் குழாயால் உறிஞ்சி எடுக்கும் வீடியோவை நானும் சக ஆசிரியர் ஒருவரும் பார்த்தோம். குழாய் 15 வினாடிக்கு மேல் உறிஞ்சக் கூடாது என்பது விதி. நான் பாஸ் போட்டேன், அவர் ஃபெயில் போட்டார். அரை மணி நேரம் வாதாடிய பிறகுதான் தெரிந்தது. அவர் குழாய் உள்ளே நுழைந்ததிலிருந்து எண்ணியிருக்கிறார், நான் மாணவி கட்டைவிரலால் துளையை மூடி உறிஞ்சத் தொடங்கியதிலிருந்து எண்ணியிருக்கிறேன். அதுவரை எத்தனை பிள்ளைகள் யாரிடம் மாட்டினார்களோ! தேர்வுக்கு முன்னால் எல்லா ஆசிரியர்களும் ஒரே வீடியோவுக்கு மார்க் போட்டுப் பார்க்கும் வழக்கம் எங்களிடம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மாணவர்கள் நிரப்பும் ‘பாடம் பிடித்திருந்ததா’ படிவம்? வாங்கி வை. பிடித்ததா என்பது அதில் தெரியும், படித்ததா என்பது தெரியாது.

‘ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்’ (மூச்சு சிகிச்சையாளர்) என்ற பெயரில் இங்கே படிப்பு இல்லையா? அமெரிக்கத் தேர்வை நம் பிள்ளைகள் எழுதலாமா?
— ஒரு தகப்பனார், ஃபீனிக்ஸ்

தென்னாப்பிரிக்காவில் அந்த வேலையைப் பெரும்பாலும் பிசியோதெரபிஸ்ட், கிளினிக்கல் டெக்னாலஜிஸ்ட், ஐ.சி.யூ. நர்ஸ் மூவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கிளினிக்கல் டெக்னாலஜியில் தீவிர சிகிச்சை, நுரையீரலியல் இரண்டும் தனித்தனிப் பிரிவுகள். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இது நான்கு வருடப் பட்டம், பதிவு செய்வது தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழில் கவுன்சிலான எச்.பி.சி.எஸ்.ஏ.யில். தமிழ்நாட்டில் இதே துறைக்கு பி.எஸ்சி. ரெஸ்பிரேட்டரி தெரபி என்றே பட்டம் இருக்கிறது.

அமெரிக்கத் தேர்வு அங்கே அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர்களுக்கு. நான் ஓய்வு பெறும்போது இருந்த முறையில் முதல் தாளில் 160 கேள்வி, அதில் 140-க்குத்தான் மார்க். மீதி 20 கேள்விகளைச் சோதித்துப் பார்க்க வைத்திருப்பார்கள், எது எது என்று சொல்ல மாட்டார்கள். மகன் அந்தப் பக்கம் போவதாக இருந்தால், அங்கே மறுபடி படிக்க வேண்டியிருக்கும் என்று மனதையும் பணத்தையும் தயார் செய்துகொள்ளுங்கள்.

பொம்மையை வைத்துத் தேர்வு வைத்தால் உண்மையான திறமை தெரியுமா ஆன்ட்டி?
— முதலாண்டு மாணவர், மெர்பேங்க்

பெரும்பாலும் தெரியாது தம்பி. ஒருமுறை தெரிந்தது. நாங்கள் தேர்வு நடத்திக்கொண்டிருந்த நேரத்தில் லோட் ஷெடிங். அட்டவணையைப் பார்க்க மறந்துவிட்டோம். பாடத்துக்கு வைத்திருந்த பழைய வென்டிலேட்டரில் பேட்டரி செத்துப் பல நாளாயிற்று. விளக்கு போயிற்று, மெஷினும் நின்றது. நான் செல்போன் டார்ச்சைத் தேடிக்கொண்டிருக்கிறேன், இருட்டில் ‘புஸ்… புஸ்…’ என்று சத்தம். வெளிச்சத்தை அடித்துப் பார்த்தால், சராசரி மார்க் வாங்கும் ஒரு பெண் குழாயைக் கழற்றி, கையால் அமுக்கும் ஆம்பு பையை மாட்டி, பொம்மைக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தாள். பொம்மை என்பதே அவளுக்கு அந்த நேரம் ஞாபகம் இல்லை. தாளில் அதற்கு மார்க் போட இடமில்லாததால் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

அன்பு, மரியாதை இதற்கெல்லாம் மார்க் போடுகிறார்களாமே? நம்பவே முடியவில்லை.
— ஒரு பாட்டி, டோங்காட்

போடுகிறார்கள் அம்மா. அமெரிக்க அங்கீகாரக் குழு அறிவு, கைத்திறன், நடத்தை மூன்றையும் தனித்தனியே காட்டச் சொல்கிறது. ‘அன்பாக இருந்தாள்’ என்று எழுதினால் அது என் அபிப்பிராயம். அதனால் நான் பார்ப்பது சின்னச் சின்ன விஷயம். ஜூலு பேசும் ஒரு கோகோவிடம் (பாட்டியிடம்) மாணவி போகிறாள், முதலில் மெஷினைப் பார்க்கிறாளா, முகத்தைப் பார்க்கிறாளா? ‘டோன்ஸா உமோயா’, மூச்சை இழுங்கள், என்று அவர் மொழியில் சொல்லக் கற்றிருக்கிறாளா? முகமூடியை மாட்டும்போது அவர் கண்ணாடியைக் கழற்றினாளே, திரும்பப் போட்டுவிட்டாளா? மூன்றுக்கும் ஆம், இல்லை என்று பதில் எழுதலாம்.

போன வாரம் கிளினிக்கில் ஒரு மாணவி வந்து, “தாத்தா, பம்ப் அடித்துக் காட்டுங்கள்” என்றாள். முப்பது வருடமாக ஆஸ்துமா பம்ப் அடிக்கிறவன் நான். அடித்துக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டாள். என்னைச் சோதிக்க இவள் யார்?
— ஒரு தாத்தா, ஸ்டாங்கர்

ஐயா, கோபப்படாதீர்கள். அன்று தேர்வு எழுதியவள் அவள்தான், நீங்கள்தான் அவளுடைய விடைத்தாள். நோயாளிக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்று அவள் எழுதினால் எங்கள் ஆசிரியர்கள் ஏற்க மாட்டார்கள். நோயாளி செய்து காட்ட வேண்டும், தப்பு இருந்தால் அவள் திருத்த வேண்டும், மறுபடி செய்து காட்ட வேண்டும். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள் என்கிறீர்களே, அங்கேதான் அவளுக்கு மார்க் குறையும்.

இருக்கட்டும், நானே கேட்கிறேன். பம்பை நன்றாகக் குலுக்கினீர்களா? அடிப்பதற்கு முன் மூச்சை வெளியே விட்டீர்களா? மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கினீர்களா? இரண்டாவது தடவை அடிப்பதற்கு முன் கொஞ்சம் பொறுத்தீர்களா? இதில் எது விட்டுப்போகிறது என்று கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.